ஐந்து ‘பி’யின் சிறந்த மாணவி

செங்கல்பட்டு புறவழிச்சாலை ஓரம் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்துக்குக் கல்யாணங்கள் வருவது நின்றுபோனதால்தான் கல்வி வந்தது. வண்டி நிறுத்த இடமில்லை என்று பெண் வீட்டார் ஒதுக்கிவிட்ட கட்டடத்தில் ‘மாற்றுவழி ஆசிரியர் ஆக்க நடுவம்’ என்று பலகை மாட்டினார்கள். மணமகன் அறை இயக்குநரின் அலுவலகமாயிற்று. மணமகள் அறையில் ஒருங்கிணைப்பாளர் ரேணுகா மேடம் உட்கார்ந்தார். வகுப்புகள் மேடையில் நடந்தன. மேடைச் சுவரில் தெர்மோகோலில் வெட்டி ஒட்டியிருந்த ‘திருமண வரவேற்பு’ என்பதில் ‘திருமண’வை மட்டும் பிய்த்து எடுத்தார்கள். ‘வரவேற்பு’ எந்தத் துறைக்கும் பொருந்தும் என்பது இயக்குநரின் கருத்து.

வேறு தொழில் பார்த்தவர்களை ஆறே மாதத்தில் ஆசிரியர்களாக ஆக்கிவிடுவது நடுவத்தின் பணி. வாழ்க்கை அனுபவம் உள்ளவர்கள் வகுப்பறைக்கு வர வேண்டும் என்று யாரோ ஒரு கூட்டத்தில் பேசிவிட்டார்கள். பேசினது பேசினதுதானே, நடுவமும் வந்துவிட்டது. அனுபவம் என்றால் என்ன என்று சேர்க்கையின்போது யாரும் கேட்கவில்லை. பெரும்பாலும் வேலை போன அனுபவம்தான்.

கோவளத்து ஷஃபானாவுக்கு அந்த அனுபவம் நிறையவே இருந்தது. நாவலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினோரு வருஷம் டெஸ்டராக இருந்தாள். மற்றவர்கள் எழுதிய மென்பொருளைத் தப்பாகப் பயன்படுத்திப் பார்ப்பதுதான் வேலை. போன் நம்பர் கேட்கிற கட்டத்தில் தன் பெயரைப் போடுவாள். பிறந்த தேதி கேட்டால் பிப்ரவரி முப்பது என்பாள். எந்த மடையன் எந்த இடத்தில் எப்படித் தடுக்கி விழுவான் என்று யோசித்து, அவனுக்கு முன்னால் போய்த் தானே விழுந்து காட்டுவதற்குத்தான் சம்பளம். ஒருநாள், விழுகிற வேலையையும் இனி இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, கேக் வெட்டி அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

ஆசிரியை ஆக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வேலை போனதால் வந்ததல்ல. மகள் ஹனியா ஐந்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு. அந்தப் பிரிவுக்கு அந்த வருஷம் பள்ளி திறந்ததிலிருந்து ஆசிரியரே கிடையாது. பிள்ளைகள் காலையில் போவார்கள். ‘பேசாதே’ என்று போர்டில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சாயங்காலம் திரும்புவார்கள்.

“இன்னிக்கும் யாரும் வரல ம்மா,” என்பாள் ஹனியா. “நாங்களே அட்டென்டன்ஸ் எடுத்துக்கினோம். நானே என்னை கூப்ட்டு நானே உள்ளேன்னு சொன்னேன்.”

நடுவத்தில் சேரும்போது இயக்குநர் முனைவர் தனகோடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். கமிஷன் என்கிற இறுதிச் செய்முறைத் தேர்வில் தேறிவிட்டால், கோவளத்து ஐந்து ‘பி’க்கே அவளைப் போடச் சொல்லிப் பரிந்துரைப்பாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் தினமும் கேளம்பாக்கம் வந்து, திருப்போரூர் பஸ் மாறி, செங்கல்பட்டுக்கு நின்றுகொண்டே போனாள்.

முதல் நாள் இயக்குநர் வரவேற்புரை ஆற்றினார். மாப்பிள்ளை உட்காரும் நாற்காலி அவருக்கு. பெண் உட்காரும் நாற்காலியில் அவருடைய சால்வைகள்.

“இங்கே நீங்கள் ஒரு குழந்தையைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். அதுதான் நம் தரம். குழந்தை என்பது என்ன? அடக்க முடியாத ஒரு காரணி. அது இருமும். ஒன்னுக்கு வருது என்னும். நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும். அதன் எதிரில் பழகிய ஆசிரியன் பாடத்திட்டத்தையே மறந்துவிடுகிறான். இருபத்தேழு ஆண்டுகளாக நான் ஆசிரியர்களை உருவாக்கிவருகிறேன். இதில் ஒரு குழந்தையைக்கூட நான் சம்பந்தப்படுத்தியதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். ஷஃபானாவும் தட்டினாள், பக்கத்தில் இருப்பவர் தட்டும்போது தட்டாமல் இருப்பது கஷ்டம்.

குழந்தை இல்லாமல் பாடம் நடத்துவது எப்படி என்றால், ஒருவர் ஆசிரியர், மற்றவர்கள் எல்லாம் மாணவர்கள். ஆசிரியர் கையில் பாடத்திட்டம் இருக்கும். அதில் இரண்டு பத்தி. இடது பத்தியில் ஆசிரியர் என்ன கேட்பார் என்று எழுதியிருக்கும். வலது பத்தியில் மாணவர் என்ன சொல்வார் என்று எழுதியிருக்கும். மாணவர் முதலில் தப்பாகச் சொல்ல வேண்டும் என்பது நடுவத்தின் அசைக்க முடியாத விதி. தப்பு வந்தால்தான் ஆசிரியர் திருத்தலாம். திருத்தினால்தான் கற்பித்தல் நடந்ததாக அர்த்தம்.

இங்கேதான் தகராறு. வந்திருந்தவர்கள் யாருக்கும் தப்பாகச் சொல்ல மனம் வரவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விற்றுக்கொண்டிருந்த ரமேஷ் முதலில் மேடை ஏறினார். பழக்கதோஷத்தில், “உள்ள வாங்க, உக்காருங்க, தண்ணி சாப்புடறீங்களா,” என்று ஆரம்பித்து, பிறகு சுதாரித்துக்கொண்டு, கடலில் படகு ஏன் மிதக்கிறது என்று கேட்டார். ரிசார்ட் நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளராக இருந்த ஜெரோம் எழுந்து ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை ஒரு மூச்சில் ஒப்பித்துவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ரமேஷுக்கு வியர்த்துவிட்டது. இதற்குமேல் கற்பிக்க ஒன்றுமில்லை. ஆறு நிமிஷப் பாடத்தில் இன்னும் ஐந்தரை நிமிஷம் மிச்சம் இருந்தது. ரேணுகா மேடம் மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

அப்போது ஷஃபானா எழுந்தாள். எழுந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாத உயரம் அவளுக்கு.

“படகுக்கு நீச்சல் தெரியும் சார்,” என்றாள்.

ரமேஷின் முகத்தில் உயிர் வந்தது. “அப்படி இல்லம்மா,” என்று தொடங்கி, தடதடவென்று திருத்தித் தள்ளிவிட்டு, மிச்சத்தில் ஒரு நிமிஷம் திருக்குறளும் சொன்னார். தொண்ணூற்றாறு மதிப்பெண்.

“எங்க கத்துக்கினீங்க மேடம் இத?” என்று டீக்கடையில் கேட்டார். “அப்படியே கொயந்த சொல்ற மாதிரியே கீது.”

“எங்க கம்பெனில இதான் வேல.”

அவ்வளவுதான், நடுவம் முழுவதும் அவள் பெயர் பரவிவிட்டது. அவள் உட்கார்ந்த வகுப்பு தேறியது. அவள் லீவு போட்ட வகுப்பு தோற்றது. மழை எங்கிருந்து வருகிறது என்றால், பால்காரர் கொண்டுவருகிறார் என்பாள். பாதிக்கும் கால்வாசிக்கும் எது பெரிது என்றால், கால்வாசிதான், அதில் எழுத்து அதிகம் என்பாள். கோவளத்து வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மறுநாளைக்கான தப்புகளைத் தயார் செய்வாள். ஹனியா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள்.

“அது தப்பு ம்மா. படகு உள்ள காலியா கீது, அதான் மெதக்குது. அத்தா சொன்னாங்க.” அத்தா, அதாவது அவளுடைய அப்பா இத்ரீஸ், படகு என்ஜின்களுக்கு உதிரிபாகம் விற்கிற கடை வைத்திருந்தான்.

“தப்பாதான் சொல்லணும் கண்ணு.”

“ஏன்?”

“அப்பதான் சார் சொல்லித்தர முடியும்.”

ஹனியாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கெல்லாம் பின்னால் வட்டி கட்ட வேண்டியிருந்தது.

ஷஃபானாவின் முறை வந்தது. நிழல் எப்படி உண்டாகிறது என்று பாடம். அழகாகத் தயாரித்திருந்தாள், டார்ச் லைட்டெல்லாம் கொண்டுவந்திருந்தாள். கேள்வி கேட்டதும் ஜெரோம் எழுந்து சரியாகச் சொன்னார். ரமேஷ் அதைவிடச் சரியாகச் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒருவர் ஒளியின் வேகத்தைச் சொன்னார். தப்பாகச் சொல்ல அந்த மண்டபத்தில் ஒரு ஆள் இல்லை. தப்பாகச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் மேடையில் டார்ச்சுடன் நின்றிருந்தாள்.

‘மாணவர்களுக்குப் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை’ என்று எழுதி ரேணுகா மேடம் பூஜ்யம் போட்டார். மூன்று தடவை முயன்றும் அதே பூஜ்யம்தான்.

“உங்களுக்குக் கற்பித்தல் வரல ஷஃபானா,” என்றார் மேடம், வருத்தமாகத்தான். “கற்றல் நல்லா வருது. அதுல கவனம் செலுத்துங்க.”

அன்று முதல் அவளை மேடை ஏற்றுவதில்லை. முதல் பெஞ்சில் நிரந்தர இடம் கொடுத்தார்கள். ‘மேடம்’ என்று கூப்பிட்ட ரமேஷ் ‘ஷஃபானா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் அது ‘பாப்பா’ ஆயிற்று. காய்ச்சல் என்று இரண்டு நாள் வராமல் இருந்ததற்கு, பெற்றோர் கையெழுத்துடன் விடுமுறைக் கடிதம் கேட்டார்கள். பெற்றோர் இருவரும் இறந்துவிட்டார்கள் என்று சொன்னதும், காப்பாளர் வந்தால் போதும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள்.

இத்ரீஸ் கடையை மூடிவிட்டு வந்தான். ரேணுகா மேடம் அவனை மணமகள் அறையில் உட்காரவைத்துப் பேசினார்.

“நல்ல பொண்ணு. யார்கிட்டயும் வம்புக்குப் போறதில்ல. ஒரே ஒரு பிரச்சினை. நான் டீச்சராகணும், நான் டீச்சராகணும்னு அடிக்கடி கேக்குறா. கவனம் சிதறுது. வீட்ல கொஞ்சம் சொல்லிவைங்க.”

“மேடம், அது என் பொண்டாட்டி.”

“உறவு எதுவா இருந்தாலும் கண்டிப்பு வேணும் சார்.”

இத்ரீஸ் வெளியே வந்து மனைவியை ஏற இறங்கப் பார்த்தான். “இன்னாம்மா நடக்குது இங்க?”

“கமிஷன் வரைக்கும்தாங்க. பாஸானா கோவளத்துக்கே போட்டுருவாங்க. நம்ம புள்ளைக்கு டீச்சர் வேணும்ல.”

இத்ரீஸ் வண்டியைத் திருப்பினான்.

கமிஷனுக்கு முந்தின வாரம் பெரிய இடியே விழுந்தது. தலைமை மதிப்பீட்டாளர் ஜெபகுமார் சென்னையிலிருந்து வருகிறார். அவர் நிஜமான வகுப்பறையைத்தான் பார்ப்பாராம். இயக்குநர் அன்றிரவு தூங்கவில்லை என்று சொன்னார்கள். காலையில் முடிவு எடுத்திருந்தார். குழந்தைகளைக் கொண்டுவரலாம்; ஆனால் அவர்கள் பயிற்சி பெறாதவர்கள். எனவே பயிற்சி பெற்றவர்களுக்கே சீருடை தைப்பது என்று தீர்மானம் ஆயிற்று.

பாதிப் பேருக்குச் சீருடை. காக்கி அரைக்கால்சட்டையில் ஜெரோம் முழங்கால் முடியை மறைக்க முடியாமல் பெஞ்சுக்கு அடியில் ஒடுங்கினார். ஷஃபானாவுக்குப் பழுப்பு நிறத்தில் முழுக்கைச் சுடிதாரும் அதே நிறத்தில் தலைத்துணியும் தைத்துக் கொடுத்தார்கள். அவளை நடுவில் உட்காரவைத்து, வயது தெரிகிற மற்றவர்களை ஓரங்களில் இருட்டில் வைத்தார்கள்.

ஜெபகுமார் வந்தார். வகுப்பு முழுவதும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஷஃபானா தப்பாகச் சொன்ன இடங்களில் மட்டும் திறந்தார். முடிந்ததும் நேராக அவளிடம் வந்தார்.

“உன் பேரு என்னம்மா?”

“ஷஃபானா சார்.”

“பெரியவளாகி என்ன ஆகப் போற?”

பக்கத்தில் இயக்குநர் நின்றார். ரேணுகா மேடம் நின்றார். பதில் என்னவோ சரியான பதில்தான். ஆறு மாதத்தில் அவள் அந்த மண்டபத்தில் சொன்ன ஒரே சரியான பதில்.

“டீச்சர் சார்.”

ஜெபகுமாரின் கண் கலங்கிவிட்டது. குனிந்து அவள் தலையைத் தடவினார். ஒலிபெருக்கியை வாங்கினார்.

“இதற்காகத்தான் நாம் இருக்கிறோம். நான் பள்ளிக்கூடம் போய் இருபது வருஷம் ஆகிறது. போக அவசியமே ஏற்படவில்லை. எல்லாம் அறிக்கையில் வந்துவிடும். இன்று ஒரு குழந்தையின் கண்ணைப் பார்த்தேன். இந்தக் குழந்தைக்கும் அவளுடைய கனவுக்கும் நடுவில் யார் நின்றாலும், அவர்களை நான் சும்மா விட மாட்டேன். முதலில் இந்தக் குழந்தை முறைப்படி ஒரு பள்ளியில் பதிவாகியிருக்கிறாளா? இல்லையென்றால் இன்றே பதிவு செய்யுங்கள்.”

சிறந்த மாணவிக்கான பரிசாக ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார். வாங்கும்போது குனிந்து வாங்கச் சொன்னார்கள், போட்டோவில் சிறியவளாகத் தெரிய வேண்டும் என்று. அதற்கு அவசியம் இருக்கவில்லை.

பதிவு செய்யும் மென்பொருளை நடுவத்தில் யாருக்கும் திறக்கத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் ஷஃபானாதான் என்பதால் ரேணுகா மேடம் அவளையே உட்காரவைத்தார். “சும்மா ஏதாவது ஒரு பேரைப் போட்டு வை. அவரு கேட்டா காட்டறதுக்குத்தான்.”

ஆறு மாதம் கழித்து ஒரு திரையும் காலிக் கட்டங்களும் எதிரில் கிடைத்ததும் ஷஃபானாவுக்குக் கை துறுதுறுத்தது. பழைய தொழில். ஒப்புக்கொள்ளவே கூடாத ஒன்றைப் போட்டு, மென்பொருள் ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். தன் பெயரைப் போட்டாள். தன் ஆதார் எண்ணைப் போட்டாள். வயது பத்து என்று போட்டாள். வகுப்பு ஐந்து, பிரிவு ‘பி’. தந்தை பெயர் கேட்ட இடத்தில் இத்ரீஸ் என்று போட்டாள். கணவனைத் தகப்பனாகப் போட்டால் எந்த மென்பொருளும் அலறித் துடித்துச் சிவப்பெழுத்து காட்டும் என்று எதிர்பார்த்துப் பொத்தானை அழுத்தினாள்.

‘வாழ்த்துகள்’ என்று பச்சையில் வந்தது.

“மேடம், இதுல பெரிய தப்பு ஒண்ணு கீது,” என்றாள், பதினோரு வருஷப் பெருமையுடன். “எது போட்டாலும் ஏத்துக்குது. அழிக்கவும் வழியே வெக்கல.”

“அழிக்கறதுக்கு எதுக்கு வழி?” என்றார் ரேணுகா மேடம். “உள்ள வந்தவங்க படிச்சுட்டுத்தான் வெளிய போகணும்.”

முடிவுகள் வந்தன. எல்லோரும் தேர்ச்சி. ஷஃபானாவின் பெயர் மட்டும் இல்லை. இயக்குநரின் அறைக்குப் போனாள்.

தனகோடி அவளை உட்காரச் சொல்லவில்லை. மாணவர்கள் அவர் எதிரில் உட்காருவதில்லை.

“உனக்கு நியமனம் கொடுக்க எனக்கு ஆசைதான் மா. ஆனா சட்டம் இருக்கே. பத்து வயசுப் பிள்ளைக்கு வேலை போட்டுக் கொடுத்தா என்னை உள்ள வெச்சிடுவாங்க. குழந்தைத் தொழிலாளர் விஷயத்துல நடுவம் ரொம்பக் கண்டிப்பு.”

“சார், எனக்கு முப்பத்தெட்டு. எனக்கே ஒரு பத்து வயசுப் பொண்ணு கீது.”

“பதிவுல அப்படி இல்லையே.”

“அது நான் டெஸ்டிங் பண்ணது சார். எரர் வருதான்னு பாத்தேன்.”

“வந்துச்சா?”

“வரல.”

“அப்ப சரியாத்தானே இருக்கு.”

ஷஃபானா அழுதாள். பத்து வயதுக்குப் பொருத்தமான அழுகை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்; மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார்.

“மனசத் தளர விடக் கூடாது. மாற்றுவழி உனக்கு இல்ல, அவ்வளவுதான். நேர்வழி திறந்துதானே இருக்கு? ஐந்தாவது முடி. அப்புறம் பன்னிரண்டாவது. ஒரு டிகிரி, ஒரு பி.எட். நீ வர்ற வரைக்கும் நான் இருக்க மாட்டேன், ஆனா என் ஆசி இருக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு. கோவளத்து ஐந்து ‘பி’க்கு ரமேஷைப் பரிந்துரை பண்ணியிருக்கேன். ஆனா அந்த வகுப்புல ஒரு தலை குறையுது. எண்ணிக்கை இல்லன்னா ஆசிரியர் பணியிடமே கிடையாது. நீ மட்டும் போய்ச் சேந்துட்டா, அந்தப் பிள்ளைகளுக்கு நாளைக்கே ஆசிரியர். சேரலன்னா இந்த வருஷம் முழுக்க இல்ல. முடிவு உன் கையில.”

நானே என்னை கூப்ட்டு நானே உள்ளேன்னு சொன்னேன் என்று ஹனியா சொன்னது ஷஃபானாவின் காதில் கேட்டது. மிட்டாயை வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் இத்ரீஸ் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காம்பஸை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மூடினான். “டீச்சராவப் போறேன்னு போன. அஞ்சாங்கிளாஸுக்கு வந்து நிக்கற. இதுக்குமேல அங்க போனா அங்கன்வாடில வுட்டுருவானுங்க.”

“புள்ளைக்கு ஒரு டீச்சர் வராருங்க,” என்றாள்.

ஹனியா மட்டும் பையை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: “ஸ்கூல்ல நான் உன்ன இன்னான்னு கூப்புடறது?”

ஷஃபானாவுக்குப் பதில் வரவில்லை. தப்பான பதில்கூட வரவில்லை.

பள்ளியில் பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியர் வருகிறார் என்கிற சந்தோஷத்தில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர்களுக்குச் சரிதான். ஹனியா நகர்ந்து இடம் விட்டாள். இருவருக்கும் ஒரே பழுப்புச் சீருடை.

மணி அடித்தது. ரமேஷ் உள்ளே வந்தார். “உள்ள வாங்க, உக்காருங்க,” என்றார், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களிடம். வாழ்க்கையில் முதல்தடவையாக இவ்வளவு குழந்தைகளை ஒரே இடத்தில் பார்த்தார். தொண்ணூற்றாறு மதிப்பெண் வாங்கிய அதே பாடத்திட்டத்தை விரித்தார்.

“கடல்ல படகு ஏன் மிதக்குது?”

ஹனியாவின் கை மேலே போனது. பள்ளி திறந்த நாளிலிருந்து யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கை அது.

“படகு உள்ள காலியா கீது சார். அது தள்ற தண்ணி, படகோட வெயிட்டுக்கு சரியா இருக்கும். அதான் மெதக்குது.”

ரமேஷ் வலது பத்தியைப் பார்த்தார். அங்கே அப்படி இல்லை. “அது இல்ல. வேற யாரு?”

மீன்பிடிக் குடும்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, தண்ணி கீழேயிருந்து தூக்குது என்றான். இன்னொரு பெண் எழுந்து, ஓட்டை விழுந்தா முழுகிடும் என்றாள். கடலோரத்துப் பிள்ளைகளுக்கு இதில் தப்பாகச் சொல்லத் தெரியவில்லை. ரமேஷ் ஒவ்வொருவரையும் உட்காரவைத்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. பாடம் இன்னும் தொடங்கவே இல்லை. தப்பு வராமல் அவருக்குத் தொடங்கத் தெரியாது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹனியா, தான் சொன்னதில் எங்கே தப்பு என்று விரல்விட்டு எண்ணி யோசித்துக்கொண்டிருந்தாள்.

ரமேஷின் கண்கள் கடைசியில் ஷஃபானாவிடம் வந்து நின்றன. கெஞ்சின.

“பாப்பா, நீ சொல்லு.”

ஷஃபானா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். ஹனியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் சிரித்த சிரிப்பு அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஆனால் சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக் கீழே இழுத்து உட்காரவைத்துவிட்டு, தானே எழுந்தாள்.

“படகுக்கு நீச்சல் தெரியும் சார்.”

“வெரி குட்,” என்றார் ரமேஷ். முகத்தைத் துடைத்துக்கொண்டு சாக்பீஸை எடுத்தார். “இப்பதான் சரியா வழிக்கு வந்த. எல்லாரும் கை தட்டுங்க.”

வகுப்பு கை தட்டியது. ஷஃபானாவும் தட்டினாள். வலது பத்தியில் அப்படித்தான் எழுதியிருந்தது.